அவள் அடித்த ஒரே அடி

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஜோகுபாளையத்தில் அவள் வீட்டுச் சந்து முழுக்க எனக்கு ஃபோன் போடும். கல்லூரியில் அவளை எல்லோரும் 'கோடெ' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் பெங்களூருக்கு வந்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. கன்னடத்தில் கோடெ என்றால் சுவர் என்று எனக்கு எங்கே தெரியும்? என் காதில் 'கோடை' என்றுதான் விழுந்தது. பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவளோடு ஒரு மணி நேரம் டென்னிஸ் ஆடினால் சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நின்ற எரிச்சல் வரும். சுவர் என்று அர்த்தம் தெரிந்தபோது அதுவும் சரியாகத்தான் இருந்தது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. அதற்கு முன் நாங்கள் வேலூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு ஆலையின் பெங்களூர் அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. அடுகோடியில் வீடு பிடித்தோம், நான் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம் சேர்ந்தேன். எங்கள் குடியிருப்பில் சிமெண்ட் தரை போட்ட டென்னிஸ் கோர்ட் ஒன்று இருந்தது. சாயங்காலம் தொப்பையும் துண்டுமாக வருகிற மாமாக்களோடு ஆடித்தான் நான் ஆட்டம் பழகினேன். அவர்களுக்கு ஓட முடியாது, அதனால் ஓங்கி ஒரே அடி. உள்ளே விழுந்தால் பாயிண்ட், வெளியே போனால் அடுத்த பந்து. நானும் அப்படியே வளர்ந்தேன். எனக்கு உயரம் அதிகம், கை நீளம், கோபமும் கொஞ்சம் அதிகம். மூன்றையும் சேர்த்து அடித்தால் அந்த சிமெண்ட் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், யாரும் தொட முடியாது.

கல்லூரியில் இருந்தது செம்மண் கோர்ட். செம்மண்ணுக்கு அவசரம் கிடையாது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து தரையைத் தொட்டதும் யோசித்து, மெதுவாக எழுந்து, எதிராளியின் இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கும். அந்த எதிராளி அவளாக இருந்துவிட்டால் கதை கந்தல்.

முதல் நாள் அவளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. குள்ளம். எண்ணெய் வைத்து வழித்துப் பின்னிய ஒற்றைச் சடை. கண்ணாடியை நாடாவால் தலைக்குப் பின்னால் கட்டியிருந்தாள். நான் அடித்தேன், திரும்பி வந்தது. இன்னும் ஓங்கி அடித்தேன், அதே உயரத்தில், அதே வேகத்தில், அதே இடத்துக்கு வந்தது. ஒவ்வொரு முறை பந்தைத் திருப்பும்போதும் உதட்டுக்குள் ஏதோ முனகினாள். கவனித்துக் கேட்டால் 'இன்னொந்து' என்கிறாள். இன்னொன்று என்று அர்த்தம், அதுமட்டும் எனக்கு விளங்கியது. வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் கோர்ட்டில் இறங்கிவிட்டால் அவள் வாயில் கன்னடம்தான் வரும். பத்தாவது, பதினோராவது பந்தில் எனக்குப் பொறுமை போய் வேலியைத் தாண்டி அடிப்பேன். ஆறுக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. அவள் என்னைத் தோற்கடித்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. நானே தோற்றுக்கொண்டேன், அவள் எதிரில் நின்று கூடமாட உதவி செய்தாள்.

இதில் இன்னொரு கொடுமை, வெளியே போகிற பந்தையும் அவள் விடமாட்டாள். கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி விழப்போகிற பந்தை ஓடிப்போய் எடுத்துத் திருப்பி அனுப்புவாள். எனக்கே பொறுக்காமல் ஒருநாள் கேட்டேன்.

"ஏய், அது அவுட்டுடி. விட்டிருந்தா உனக்குப் பாயிண்ட்."

"வந்துடுச்சு இல்ல? வந்த பந்த எப்படி விடறது?" என்றாள்.

அவள் தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அது. ஜோகுபாளையத்தில் சுவரோடு சுவர் ஒட்டின வீடு, பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு முற்றம். அங்கேதான் அண்ணனோடு பலகை மட்டையால் ஆடிப் பழகியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு நாய். பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, சில நாள் பந்தும் முடிந்தது. இதைச் சொல்லும்போது அவளுக்கு வருத்தமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அந்த நாயின் மேல் கோபம் வந்தது.

கோர்ட்டுக்கு வெளியிலும் அவள் அதேதான். பஸ் பாஸ் விண்ணப்பத்தில் கல்லூரி முத்திரை வாங்க வேண்டியிருந்தது. ஆபீஸில் இருந்த கிளார்க் எங்கள் இரண்டு பேரையும் "நாளைக்கு வாங்கம்மா" என்றார். நான் அங்கேயே கத்தினேன். முத்திரை மேஜைமேல்தானே இருக்கிறது, எடுத்துக் குத்த எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டேன். என் விண்ணப்பம் கட்டின் அடிக்குப் போய்விட்டது. அவள் மறுநாள் அதே நேரத்துக்குப் போய், அதே சிரிப்போடு, "சார், நேத்து வரச் சொன்னீங்க" என்றாள். அதற்கு மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். எரிச்சலோ கெஞ்சலோ எதுவும் கிடையாது. இரண்டாவது வாரம் அந்த மனிதர் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். அவள் தன் விண்ணப்பத்தோடு அடியில் கிடந்த என்னுடையதையும் தேடி எடுத்துக் குத்தி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவளோடு சண்டையும் போட முடியாது. நான் பத்து வார்த்தை கொட்டினால் "நீ சொல்றதும் சரிதான்" என்பாள். அதற்குமேல் என்ன பேச? எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் அப்போதுதான் ஃபோன் வந்திருந்தது. நான் கூப்பிட்டு அவள் இல்லையென்றால், எத்தனை மணிக்கு வந்தாலும் திருப்பிக் கூப்பிடுவாள். "கூப்பிட்டியாமே, என்ன?" என்பாள். எனக்கு எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்திருக்கும்.

இரட்டையர் ஆட்டத்தில் நாங்கள் ஜோடி சேர்ந்ததும் கல்லூரியில் எங்களை யாராலும் அசைக்க முடியவில்லை. நான் வலைக்குப் பக்கத்தில், அவள் பின்னால். ஆட்டம் ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அவள் சொல்வது ஒன்றுதான்: "நீ முடி. நான் வெச்சிருக்கேன்." பந்தை விடாமல் வைத்திருப்பது அவள் வேலை, முடிப்பது என் வேலை. கைதட்டல் முழுக்க எனக்கு வந்தது. அதையும் அவள் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது, பத்தொன்பது வயதில் அடுத்தவர் மனசைப் பற்றி என்ன தெரியும்?

ஒருநாள் மத்தியானம் கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்புறம் டப், டப் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவள். ஒற்றை ஆளாக, சுவரைப் பார்த்து, உடம்பையே திருப்பி ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பந்துகூட ஒழுங்காகப் போகவில்லை. ஒன்று ஜன்னல் கம்பியில், ஒன்று மரத்தில். என்னைப் பார்த்ததும் மட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"என்னடி பண்ற?"

"சும்னே."

"சும்மாவா? அந்தச் செவுரு உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?"

கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "உன்ன மாதிரி ஒரே ஒரு தடவ அடிக்கணும்டி. அந்த சத்தம் வரணும். எதிர்ல இருக்கறவ அசையாம நிக்கணும். தெனம் ராத்திரி படுக்கும்போது நெனச்சுக்குவேன்."

"அடிக்க வேண்டியதுதான. யாரு வேணாம்னா?"

"வெளிய போயிடும்ல."

"போனா போவட்டும். அடுத்தது அடி."

"உனக்கு ஈஸி. உனக்கு ஒண்ணு போனா அடுத்ததும் கை வரும். எனக்கு மொத தடவையே வெளிய போச்சுன்னா அப்புறம் கையே எழும்பாது. எனக்குத் தெரியும் என்னப் பத்தி."

நான் சிரித்துக் கிண்டல் பண்ணினேன். அவளும் சிரித்தாள். அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

அந்த வருஷம் பல்கலைக்கழகப் போட்டிக்குக் கல்லூரியிலிருந்து இரண்டே பேரை அனுப்புவதாக இருந்தது. ஒரு இடம் மூன்றாம் வருஷம் படித்த கேப்டன் அக்காவுக்கு, அதில் பேச்சே இல்லை. மற்ற இடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆடிப் பார்க்க வேண்டும், ஜெயித்தவள் போகலாம் என்று பி.டி. மேடம் சொல்லிவிட்டார். அதே வாரம் நோட்டீஸ் போர்டில் வருகைப் பதிவு குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். மூன்று பாடத்தில் என் பெயர். ஊர் புதிது, சினிமா தியேட்டர் பக்கம், வேறென்ன சொல்ல. பரீட்சை எழுத விடமாட்டார்கள், வருஷம் போய்விடும். அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பே போதும் என்று உட்கார வைத்துவிடுவார். அவர் சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை. பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் பயிற்சி நாட்களையும் சேர்த்து 'ஆன் டியூட்டி' போட்டுத் தருவார்கள். எனக்கு அது ஒன்றுதான் வழி. அவளுக்கும் அந்த இடத்துமேல் ஆசை இருந்தது. அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி, போட்டி நாளுக்கு லீவு போடச் சொல்லியிருந்தாள். அதுவும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் ஆட்டம். பி.டி. மேடம் டாஸ் போட்டுவிட்டு, பிரின்சிபால் கூப்பிடுகிறார் என்று போய்விட்டார். அம்பயர் யாரும் இல்லை. கல்லூரி ஆட்டத்தில் அது சகஜம்தான். அவரவர் பக்கம் விழுகிற பந்தை அவரவரே உள்ளே, வெளியே என்று சொல்லிக்கொள்ள வேண்டும். கோட்டில் பட்டால் உள்ளே. சந்தேகமாக இருந்தால் எதிராளிக்குக் கொடுத்துவிட வேண்டும். இதற்குப் புத்தகத்தில் விதி இருக்கிறதோ இல்லையோ, மரியாதை அதுதான்.

முதல் செட் அவளுக்கு. இரண்டாவதில் என் அடிகள் எப்படியோ உள்ளே விழ ஆரம்பித்தன, அது எனக்கு. மூன்றாவது செட்டுக்குள் வெயில் ஏறிவிட்டது. நான் வாயை மூடவே இல்லை. சூரியன் கண்ணில் அடிக்கிறது என்றேன். பந்து மொட்டையாகிவிட்டது என்றேன். ஷூ நாடா, காற்று, கோர்ட்டில் கல். அவள் ஒவ்வொன்றுக்கும் "சரி, அந்தப் பாயிண்ட மறுபடி ஆடிக்கலாம்" என்றாள். அப்படியும் இப்படியுமாக ஆறுக்கு ஐந்து என்று நான் முன்னால் வந்து, கடைசிப் பாயிண்டில் நின்றேன். இந்தப் பந்து எனக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது.

பந்து போகிறது, வருகிறது. போகிறது, வருகிறது. இன்னொந்து, இன்னொந்து என்று அவள் முனகல் எனக்குக் கேட்கிறது. இருபதுவரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணவில்லை. தொண்டை வறண்டு, கால் பின்னியது. நடுவில் ஒரு பந்து கோணலாக எழும்பியது, "கல்லு!" என்று கத்திக்கொண்டே எடுத்தேன். அது அரைகுறையாகப் பட்டு, நடு கோர்ட்டில் மெதுவாகப் போய் விழுந்து எழுந்தது. அவள் இரண்டு எட்டு முன்னால் வந்தாள். அப்போது தெளிவாகக் கேட்டேன், "சாக்கு" என்றாள்.

சாக்கு! நான் சாக்குச் சொல்கிறேனாம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அதற்குள் அந்தச் சத்தம் வந்துவிட்டது. டப். அவள் மட்டையிலிருந்து அப்படியொரு சத்தம் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. நான் அசையவில்லை. அசைய நேரமே இல்லை. பந்து என் இடது பக்கம் பறந்து, பின்மூலையில் விழுந்தது. இரண்டு கோடும் சேர்கிற இடத்தில் சுண்ணாம்புப் பொடி எழும்பியதை நான் பார்த்தேன்.

அந்தப் பந்து உள்ளே என்றால் சமன், ஆட்டம் தொடரும். வெளியே என்றால் நான் ஜெயித்தேன்.

"அவுட்" என்றேன்.

"அவுட்டா?"

"அவுட்."

"எவ்ளோ?"

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினேன். "இவ்ளோ."

செம்மண்ணில் பந்து விழுந்த இடத்தில் தடம் இருக்கும். வந்து பார்க்கிறேன் என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அவள் கேட்கவில்லை. கேட்பாளோ என்ற பயத்தில் நான் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் மூலைக்குப் போய் ஷூவால் அந்தத் தடத்தைத் தேய்த்துவிட்டேன். அவள் வலைக்குப் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். முகம் என்னவோ மாதிரி இருந்தது. நான் கை கொடுக்கவில்லை.

"யாரப் பாத்துடி சாக்கு சொல்றதா சொன்ன?" என்றேன்.

"நானா? நான் எங்க சொன்னேன்?"

"கேட்டுச்சு எனக்கு. பொய் வேறயா?"

நீட்டின கையோடு அவள் முழித்துக்கொண்டு நின்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோபத்தில் சொன்ன அவுட்டா, பயத்தில் சொன்ன அவுட்டா என்று கேட்டால், இரண்டும்தான். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் ரொம்பத் தேவைப்பட்டது. அவள்தான் முதலில் என்னைக் கேவலமாகப் பேசினாள் என்று சொல்லிக்கொண்டால் அந்தச் சுண்ணாம்புப் பொடியை மறந்துவிடலாம்.

பல்கலைக்கழகப் போட்டியில் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினேன். ஓங்கி ஓங்கி அடித்ததில் பாதி வேலியில், மீதி வலையில். அவள் அண்ணனோடு வந்து உட்கார்ந்து பார்த்தாள். ஒரு பாட்டிலில் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்திருந்தாள். நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன். வருகைப் பதிவு சரியாயிற்று, பரீட்சை எழுதினேன், அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. வகுப்பில் அவள் தினமும் "குட் மார்னிங்" சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. மறுநாளும் சொன்னாள்.

பரீட்சை முடிந்து லீவில் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியின் அக்கா கல்யாணம். கன்னடக்காரர்கள். இலை போட்டு, நம் போளி மாதிரியான ஒப்பட்டு பரிமாறிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து இலைப் பெண் கையால் இலையை மறைத்து, "சாக்கு, சாக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்குப்பா சாக்கு?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "ஐயோ, சாக்கு இல்ல, ஸாகு. போதும்னு அர்த்தம். இத்தன மாசமா இங்க இருக்க, இதுகூடத் தெரியாதா?"

தெரியாது. அடுகோடியில் எங்கள் தெருவில் தமிழ், காய்கறிக்காரரும் தமிழ், கல்லூரியில் இங்கிலீஷ். யாரும் எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஒப்பட்டு வாயிலேயே நின்றது. அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போதும், திருப்பி அனுப்பினது போதும் என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓங்கி அடித்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. பிடித்துக்கொண்டிருந்த கோபமும் கையைவிட்டுப் போய், அந்த மூலையும் என் ஷூவும்தான் மிச்சம்.

கல்லூரி திறந்ததும் அவளிடம் போய், "டீ குடிக்க வர்றியா?" என்றேன். "வா" என்றாள். அவ்வளவுதான். ஏன் பேசவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். சொன்னால் அந்த ஆன் டியூட்டி, அந்தப் பரீட்சை எல்லாம் திருட்டுச் சொத்தாகிவிடும் என்று பயம்.

அடுத்த இரண்டு வருஷமும் ஜோடியாக ஆடினோம், நிறைய ஜெயித்தோம். ஆனால் அவள் அடிக்கவே இல்லை. நடு கோர்ட்டில் வெண்ணெய் மாதிரி பந்து எழும்பி நிற்கும். "அடிடி!" என்று வலைப் பக்கத்திலிருந்து கத்துவேன். பதமாகத் திருப்பி அனுப்புவாள். பாயிண்ட் முடிந்ததும் கேட்டால், "அன்னிக்குத்தான் பாத்தியே" என்று இரண்டு விரலை விரித்துக் காட்டுவாள். நான் காட்டின அதே இடைவெளி. அப்படியே அளந்து வைத்திருந்தாள். "முடிக்கறதுக்கு மட்டும் ஒரு அடி வெச்சிருந்தா உன்ன ஸ்டேட்டுக்கே அனுப்பியிருப்பேன்" என்று பி.டி. மேடம் அவளிடம் ஒருநாள் ஆதங்கப்பட்டார். அவள் "நமக்கு வராது மேடம், ஒருதரம் பாத்தாச்சு" என்றாள். நான் பக்கத்தில் நின்று பந்துகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி வருஷம் டெல்லியில் ஒரு மேற்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கினாள். பூர்த்தி செய்து, போட்டோ ஒட்டி, கையெழுத்தும் போட்டுப் பையிலேயே வைத்திருந்தாள். கடைசி நாள் தாண்டியதும் நான் கத்தினேன். "அதெல்லாம் நமக்கு லைன்ல விழாதுடி, விடு" என்றாள். ஒரு பந்தால் ஒருத்தியின் வாழ்க்கையே மாறிப்போகும் என்று நம்புகிற அளவுக்கு நான் பைத்தியம் இல்லை. அவள் வீட்டில் வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனாலும் அந்த 'லைன்' என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். அவள் அல்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள், அதே பள்ளியிலேயே இருந்துவிட்டாள். கல்யாணம், குழந்தை எல்லாம் இரண்டு பேருக்கும் ஆயிற்று. நான் ஃபோன் செய்வது அபூர்வம். அவள் என் பிறந்தநாளுக்கு ஒரு வருஷம் விடாமல் கூப்பிடுவாள். அந்த ஆட்டம் நடந்து பத்து வருஷம் ஆனபிறகு அப்படி ஒரு பிறந்தநாளன்று அவள் குரலைக் கேட்டதும் எனக்கு என்னவோ தாங்கவில்லை. "ஞாயித்துக்கெழம வீட்ல இருப்பியா? வரேன்" என்றேன்.

ஜோகுபாளையத்தில் அதே வீடுதான், கல்யாணத்துக்குப் பிறகு அவள் இருக்க மேலே ஒரு மாடி எழுப்பியிருந்தார்கள். அவள் பெண் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். பள்ளிக்கூடம், என் ஆபீஸ், அண்ணன் குடும்பம் எல்லாம் பேசி முடித்தோம். அதற்குமேல் தள்ளிப்போட எதுவும் இல்லை.

"அன்னிக்கு செலக்‌ஷன் மேட்ச்ல கடைசிப் பந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அதையா இன்னும் நெனச்சிட்டிருக்க? நீதான ஜெயிச்ச. விடு."

"அது அவுட் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள்.

"லைன்ல விழுந்துச்சு. சுண்ணாம்பு பறந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அவுட்னு சொன்னேன். அப்புறம் தடத்த ஷூவால அழிச்சேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"எந்த லைன்ல?"

"ரெண்டும் சேர்ற எடத்துல. மூலையில."

"மூலையிலயேவா?"

"ஆமா."

"நீ அசையவே இல்ல. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"எங்க அசையறது? பந்து போனதே தெரியல எனக்கு."

அவள் முகம் மெதுவாக மலர்ந்தது. அப்படியொரு சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. "ஏய், இங்க வாடி" என்று பெண்ணைக் கூப்பிட்டாள். "அம்மா காலேஜ்ல அடிச்ச பந்து கரெக்டா மூலையில லைன்ல விழுந்துச்சாம். இந்த ஆன்ட்டி சொல்றாங்க பாரு."

"எப்பம்மா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

குழந்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுப்பாடத்துக்குப் போய்விட்டது. எனக்குப் பத்து வருஷப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

"அந்த எடம் உனக்கு வந்திருக்கணும்டி. எனக்கு அட்டெண்டன்ஸ் இல்ல, வேற வழி தெரியல..."

"எடம் கெடக்குது. போர்டுல உன் பேர நானும்தான் பாத்தேன். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்" என்றாள்.

பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்து ஒரு கூட்டலைத் திருத்தினாள். பால்காரர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிற குரலில், என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, அதுக்கப்புறமும் அடிச்சிருப்பேன்டி."